குடிபெயர்தலும் வரவு செலவும்

சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தில்லிக்குக் குடிபெயரும் குடும்பம் முதலில் கணக்கிடுவது லாரி வாடகையையே. ஆயினும், கையிருப்பைப் பெரிதும் சோதிப்பது அவ்வாடகையன்று. பணம் செல்வதற்கும் திரும்பி வருவதற்கும் இடைப்பட்ட காலமேயாகும். புதிய வீட்டிற்கான முன்பணத்தை முதலில் செலுத்த வேண்டும். பழைய வீட்டின் முன்பணமோ காலி செய்த பின்னரே கைக்கு வரும். எனவே, எந்த நாளில் எவ்வளவு தேவைப்படும் என்னும் நாள்வாரிப் பட்டியல் இன்றியமையாதது.

கொண்டுசெல்லும் செலவு, அங்குப் புதிதாக வாங்கும் விலையை மிஞ்சும் பொருள்களை விற்றுவிடலாம். பழைய மரக்கட்டிலை விற்ற பணம் தில்லிக் குளிருக்குக் கம்பளி வாங்க உதவும். எரிவாயு உருளையை ஒப்படைத்துப் பெறும் வைப்புத்தொகையைப் புதிய இணைப்பிற்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும். இருசக்கர வாகனத்தை அங்கு 12 மாதங்களுக்கு மேல் பயன்படுத்துவதாயின், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்தாக வேண்டும். சென்னையில் பெறும் தடையின்மைச் சான்று அதற்குத் தேவை.

லாரி வந்துசேரச் சில நாள்களாகும். அதுவரை உணவுக்கும் தங்குவதற்கும் ஒதுக்கிய தொகையே, அறிமுகமற்ற ஊரில் அக்குடும்பம் கடன்படாமல் காலூன்றத் துணைநிற்கும்.