முட்டை சும்மா கிடக்கிறதா?

சகோதரிகளே! (ஆண்களும் படிக்கலாம், தப்பில்லை.) மாதவிலக்கு முன்னே பின்னே போனால் "உடம்பிலே சூடு ஏறிப்போச்சு" என்று வெந்தயத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். சூலகத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாள் தெரிந்துகொள்வோமே.

சூலகத்தில் ஒவ்வொரு சினைமுட்டையும் ஒரு சின்னப் பைக்குள் இருக்கிறது. முட்டை வளர வளர, அதைச் சுற்றியுள்ள அணுக்கள் அடுக்கடுக்காகப் பெருகும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் செய்வது இந்த அணுக்கள்தான். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்புகிறது, இவை வேலை செய்கின்றன, முட்டை சும்மா உட்கார்ந்து வளர்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ஆபீசிலிருந்து பெரிய துரை உத்தரவு போட்டால் போதுமா? நிரையிலே மண்டோர் நிற்க வேண்டாமா? அந்த மண்டோர் முட்டைதான்.

1970-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் முயலின் சூலகப் பையிலிருந்து முட்டையை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். மிச்சமிருந்த அணுக்கள் வேளை வருமுன்பே புரொஜெஸ்டிரோன் சுரக்கும் அணுக்களாக மாறிவிட்டன. அதாவது, முட்டை உள்ளே இருக்கும்வரை "இப்போ வேணாம், பொறு" என்று தடுத்து வைக்கிறது. அது வெளியேறிய பிறகு அதே பை புரொஜெஸ்டிரோனைத் தாராளமாகச் சுரந்து கருப்பையைத் தயார் செய்கிறது. கரு தங்காவிட்டால் ஏறக்குறைய 14 நாளில் சுருங்கிவிடும், விலக்கு வரும்.

முட்டை எதைக் கொண்டு பேசுகிறது? ஜி.டி.எஃப்.9, பி.எம்.பி.15 என்ற இரண்டு புரதங்கள் முக்கியமானவை. ஆடு வளர்ப்பவர்கள் இதைக் கேளுங்கள்: நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறியாடுகளில் இந்த இரண்டாவது புரதத்தின் மரபணு பழுதாக இருப்பதை 2000-ல் கண்டார்கள். ஒரு பிரதி பழுதானால் ஆடு கூடுதலாகக் குட்டி போடும். இரண்டும் பழுதானால் மலடு!

ஆகவே முட்டை தீர்ந்தால் சுரப்பும் குறையும். பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். அவை தீர்ந்துபோவதால்தான் 50 வயதை ஒட்டி விலக்கு நிற்கிறது. ஆனால் 40-க்கு முன்பே மூணு மாதம் வராமல் போனால் "வயசாகிப் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம், தைராய்டு கோளாறாக இருக்கலாம், முட்டை சீக்கிரம் தீர்ந்தும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலம் இழக்கும். குலை சுமக்கிற நமக்கு அது விளையாட்டல்ல. கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கடைசியாக விலக்கான தேதியைக் குறித்து எடுத்துப் போங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஹார்மோன் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் பரிசோதனைக் கணக்கே தப்பாகிவிடும்.