பலாலியின் ஓடுபாதை

இலங்கையின் வட முனையில், காங்கேசன்துறைக்கு அருகே பலாலி விமானத் தளம் இருக்கிறது. அதன் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 05 என்றும் மறு முனைக்கு 23 என்றும் எண்கள் உண்டு. இவை வரிசை எண்கள் அல்ல, திசைகள். காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த கோணத்தைப் பத்தால் வகுத்து எழுதுவது விமானத் துறையின் வழக்கம். ஆகவே 05 என்பது ஏறத்தாழ 50 பாகை, அதாவது வடகிழக்கு. 23 என்பது 230 பாகை, தென்மேற்கு.

இவ்விரு திசைகளையும் எங்கோ கேட்டது போல் இருக்கிறதல்லவா? ஆம், பருவக்காற்றுகள் வீசும் திசைகளே அவை!

விமானத்தை மேலே தூக்குவது தரையின் மீது அது ஓடும் வேகம் அன்று. இறக்கையின் மீது காற்றுப் பாயும் வேகமே. மேலெழ மணிக்கு 200 கி.மீ. வேண்டிய ஒரு விமானம், 40 கி.மீ. வேகக் காற்றை எதிர்த்து ஓடினால், தரையில் 160 கி.மீ. வேகம் எட்டினாலே போதும். முடுக்கம் மாறாதிருந்தால் ஓட வேண்டிய தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.8-ன் இருமடி 0.64. ஆகவே 1,000 மீட்டர் தேவைப்பட்ட இடத்தில் 640 மீட்டர் போதும். தென்மேற்குப் பருவத்தில் தென்மேற்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் எதிர்ப்புறமும் ஓடினால், ஒரே பாதையில் ஆண்டின் பெரும்பகுதிக்கு எதிர்க்காற்று கிடைத்துவிடும்.

பிரிட்டிஷ் அரச விமானப் படை இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த தளம் இது. யாழ்ப்பாணக் குடாநாடு மலையே இல்லாத சுண்ணக்கல் சமவெளி. விமானிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போர் முடிந்தபின் பயணிகள் வந்தார்கள். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, சென்னைக்குப் பறந்தது. 'சீதா தேவி' என்ற பெயருடைய டகோட்டா அது.

பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. தரைவழி அடைபட்ட காலங்களில் படையினரும் பொருள்களும் பலாலி வழியாகவும் வந்தனர். 1990-ல் சுற்றியிருந்த ஊர்மக்கள் வெளியேற, அவர்களுடைய வீடுகளும் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 1998 செப்டம்பர் 29 அன்று இங்கிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற லயன் ஏர் பயணி விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

2019 அக்டோபர் 17-ல் இது பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து விமானம் வந்தது. கொரோனாவால் 2020-ல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திறப்பின்போது செப்பனிடப்பட்டிருந்த நீளம் சுமார் 1,400 மீட்டர்தான். சுழலிகளால் இயங்கும், ஏறக்குறைய 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு அது போதும். பெரிய ஜெட் விமானங்களுக்கோ 2,000 மீட்டரை ஒட்டிய நீளம் வேண்டும். பாதையை நீட்டக் காணி வேண்டும். காணி என்றதும், 1990-ல் வெளியேறியவர்கள் தங்கள் தோட்டத்தைக் கேட்கிறார்கள். போருக்குப் பின் நிலம் பகுதி பகுதியாகத் திரும்பியிருக்கிறது. இன்னும் முழுவதும் வந்துசேரவில்லை.