குதிரை ஈட்டிப்போரும் வரலாற்று மெய்ம்மையும்

இயற்பியலில் எம்.எஸ்சி. பயில்பவனுக்குக் குதிரைகளோடு என்ன உறவு என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. தந்தையாரின் இரயில்வே வேலையால் வடநாட்டிலேயே ஊருக்கு ஊர் மாறி வளர்ந்தவன் நான். குதிரையைத் தொலைவில் நின்று பார்த்திருக்கிறேனே தவிரத் தொட்டதில்லை. நம் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே 'டென்ட் பெக்கிங்' என்னும் விளையாட்டைக் கற்பிக்கிறார்கள். தரையில் நட்ட சிறு மரமுளையை, பாய்ந்தோடும் குதிரையின் மீதிருந்து ஈட்டியால் குத்தி எடுப்பதே அவ்விளையாட்டு. 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுகளிலும் அது இடம்பெற்றது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் காலை. முளையின் மீதே கண்ணாக இருந்த நான், குனியும்போது இடக்கையால் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். குதிரை தலையை உயர்த்தி ஒருபுறம் விலகியது. நான் தரையில் விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. குதிரைக்கோ கடைவாயில் இரத்தம். 'உஸ்தாத்' என்று நாங்கள் அழைக்கும் பயிற்சியாளர் என் கையைப் பார்க்கவில்லை. குதிரையின் வாயைத்தான் முதலில் பார்த்தார். "ஈட்டியைப் பிடிப்பது உன் வலக்கை, குதிரையைக் கெடுப்பது உன் இடக்கை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தச் சொல்லின் உறுத்தலோடுதான் ஈட்டியும் குதிரையும் சேர்ந்த விளையாட்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிப்பு என்னை ஐரோப்பாவின் இடைக்காலத்துக்கு அழைத்துச் சென்றது. இரு வீரர் கவசம் பூண்டு, எதிரெதிரே குதிரையைச் செலுத்தி, நீண்ட ஈட்டியால் ஒருவரை ஒருவர் தாக்கும் ஆட்டத்தை ஆங்கிலத்தில் 'ஜௌஸ்ட்' என்பர். இக்கட்டுரையில் அதனைக் குதிரை ஈட்டிப்போர் என்றே குறிப்பேன். பதினேழாம் நூற்றாண்டில் வழக்கொழிந்த அவ்வாட்டத்தை இன்று பொழுதுபோக்காக ஆடுவோர் பல நாடுகளில் இருக்கின்றனர். 'எது உண்மையான ஈட்டிப்போர்?' என்பது அவர்களிடையே ஓயாத வழக்கு. அவ்வழக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டமும் அதன் விதிகளும்

தொடக்கத்தில் வீரர்கள் கூட்டங்கூட்டமாக மோதினர். பின்னர் இருவர் தனித்து மோதும் ஆட்டம் செல்வாக்குப் பெற்றது. போருக்குப் பயிற்சியாகப் பிறந்த அது, காலப்போக்கில் தனக்கென விதிகளும் கருவிகளும் உடைய விளையாட்டாயிற்று. குதிரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாதிருக்க, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடுவே நீண்ட தடுப்பு ஒன்றை அமைத்தனர். முதலில் அது துணித் தடுப்பு. பின்னர் மரத் தடுப்பு. நட்புமுறை ஆட்டங்களில் கூரிய முனைக்கு மாறாக, கிரீடம் போல் பிரிந்த மழுங்கிய முனையை ஈட்டியில் பொருத்தினர். ஜெர்மனியில் தடுப்பின்றி ஆடிய ஆட்டங்களில், குதிரையின் மார்புக்கு வைக்கோல் திணித்த மெத்தையைக் கட்டினர்.

இங்கிலாந்தில் 1466-இல் வூஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்ட் ஈட்டிப்போருக்கு விதிகள் வகுத்தார். எதிரியின் மேல் ஈட்டியை முறிப்பவனுக்குப் புள்ளி உண்டு. குதிரையைத் தாக்குபவனுக்குப் பரிசே இல்லை. இவ்விதியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் இதற்கே திரும்பி வருவோம்.

மறுபிறப்பு

மறைந்த ஆட்டத்தை மீண்டும் எழுப்பும் முயற்சிகளில் புகழ்பெற்றது, 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு நடத்திய விழா. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' போன்ற கதைகளில் மனத்தைப் பறிகொடுத்திருந்த காலம் அது. பிரபுக்கள் கவசங்களைச் சேர்த்தனர்; இலண்டனில் ஒத்திகையும் பார்த்தனர். மக்கள் பெருந்திரளாகக் கூடினர். விழா தொடங்கிய நாளில் பெருமழை கொட்டியது! பந்தல் ஒழுகிற்று, களம் சேறாயிற்று. இன்றும் அவ்விழாவைக் கவசத்துக்காக நினைப்பவரைவிட மழைக்காக நினைப்பவரே மிகுதி.

இன்றைய ஆட்டத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது நாடக வகை. அமெரிக்காவில் விருந்துண்டபடியே மக்கள் காணும் காட்சிகள் இவ்வகையின. யார் வெல்வார், யார் விழுவார் என்பதெல்லாம் முன்பே வகுத்தவை.

இரண்டாவது பலப்பரீட்சை வகை. பெர்ஷரான் போன்ற பெரிய இழுவைக் குதிரைகள், கனத்த கவசம், எளிதில் முறியாத ஈட்டி, எதிரியைச் சேணத்திலிருந்து வீழ்த்துவதே குறிக்கோள். 2012-இல் இதனை வைத்து அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சித் தொடரே வந்தது.

மூன்றாவது ஆராய்ச்சி வகை. அருங்காட்சியகங்களிலுள்ள கவசங்களை அளந்து அவ்வாறே செய்வித்து, பழைய நூல்களைப் பயின்று ஆடுவோர் இவர்கள். இலண்டன் வாலஸ் கலெக்ஷனில் ஆயுதக் காப்பாளராகப் பணியாற்றிய டோபியாஸ் கேப்வெல் தாமே கவசம் பூண்டு களமிறங்கியவர். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகமும் இத்தகைய போட்டிகளை நடத்தியிருக்கிறது.

மூன்றாம் வகையே மெய்யானது என்று உடனே தீர்ப்புக் கூறத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் வழக்கு அவ்வளவு எளிதன்று.

எலும்பு கூறும் சான்று

திரைப்படத்து வீரன் யானை போன்ற கருங்குதிரையில் வருவான். உண்மை என்ன? இங்கிலாந்தில் 171 தொல்லியல் இடங்களில் கிடைத்த, கி.பி. 300 முதல் 1650 வரையான காலத்துக் குதிரை எலும்புகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அக்காலக் குதிரைகளில் பெரும்பாலானவை தோளுயரம் 4 அடி 10 அங்குலத்துக்குக் குறைந்தவை என்பது அதன் முடிபு. இன்றைய கணக்கில் அவை மட்டக்குதிரைகள்!

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கண்டெடுத்த எலும்புகளுள் வண்டிக்குதிரையும் பொதிக்குதிரையும் அடங்கும். ஈட்டிப்போருக்கென வளர்த்த குதிரைகள் மிகச் சிலவே. ஆகவே குதிரைக்கவசங்களையும் பார்க்கவேண்டும். ராயல் ஆர்மரிஸ் தன்னிடமுள்ள பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுக் குதிரைக்கவசங்களைக் காட்சிக்கு வைக்கச் சிலை செய்தபோது, 5 அடி 2 அங்குல உயரமுள்ள லிதுவேனியப் பெண்குதிரை ஒன்றே அளவுக்குப் பொருந்தியது. திரண்ட உடலும் நடுத்தர உயரமும் கொண்ட குதிரையே அக்கால வீரனைச் சுமந்தது எனலாம். பெருங்குதிரை மீது ஏறிவிட்டால் வரலாற்றின் மீது ஏறிவிட்டோம் என்பது பொருந்தாது.

ஒரு சிறு கணக்கு

என் பாடத்துக்கு வருகிறேன். குதிரையும் வீரனும் கவசமும் சேர்ந்து 610 கிலோ என்று கொள்வோம். வேகம் வினாடிக்கு 7 மீட்டர். இயக்க ஆற்றல் ஏறத்தாழ 15,000 ஜூல். எதிரே வருபவனையும் சேர்த்தால் 30,000 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 130 ஜூலுக்கும் குறைவு. அத்தகைய பந்துகள் 230 ஒன்றாக வந்து தாக்குவதாக எண்ணிப்பாருங்கள்!

இவ்வாற்றல் முழுவதும் வீரனின் மார்பில் இறங்கினால் எவன் பிழைப்பான்? இறங்குவதில்லை, அதில் மிகச் சிறு பங்கே இறங்குகிறது. ஈட்டி முறிகிறது, வீரனின் இடுப்பு வளைகிறது, குதிரைகள் ஒன்றையொன்று கடந்து தம் வழியே ஓடிவிடுகின்றன. ஈட்டி முறிவது தோல்வியன்று. ஆட்டமே அம்முறிவில்தான் இருக்கிறது. முறியாத ஈட்டியைக் கொடுத்தால், கவசம் எவ்வளவு பழமையாக இருந்தாலும் ஆட்டம் வேறாகிவிடும்.

இதுபோலவே சேணமும். ஈட்டிப்போர்ச் சேணம் முன்னும் பின்னும் உயர்ந்தது. அங்கவடி நீளமாகத் தொங்கும். வீரன் காலை நீட்டி, ஏறக்குறைய நின்றபடியே செல்வான். முழங்காலை மடித்துக் குறுகிய அங்கவடியில் அமர்வது இன்றைய தடைதாண்டும் பந்தயக்காரரின் முறை. அவ்வாறு அமர்ந்து பழகியவர் பழைய கவசத்தைப் பூண்டாலும் உடல் பழைய உடலாகாது. தவளைவாய் போன்ற தலைச்சீராவில், முன்னே சாய்ந்தால்தான் கண்துளை வழியே வழி தெரியும். மோதும் கணத்தில் நிமிர்ந்தால் கண் காக்கப்படும், ஆனால் எதுவும் தெரியாது. அந்தக் கணத்தில் வழியறிந்து செல்வது குதிரை ஒன்றே.

அரசர் எழுதிய நூல்

இவ்விடத்தில்தான் போர்ச்சுகல் அரசர் துவார்த்தே எனக்கு ஆசானாக வாய்த்தார். 1433 முதல் 1438 வரை ஆண்ட அவர், எந்தச் சேணத்திலும் நன்றாக அமரும் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஈட்டிப்போருக்கும் இடமுண்டு. மோதும் கணத்தில் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூடியது அவர்களுக்கே தெரிவதில்லை என்கிறார். மோதுவதை மனம் விரும்பாமை, அஞ்சி விலகுதல், முயற்சியின் இறுக்கத்தால் உடலும் ஈட்டியும் நிலைகுலைதல், வெல்லும் பேராசையால் தவறுதல் என நால்வகைக் குற்றங்களையும் அவர் எடுத்துரைக்கிறார்.

இதனைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் விழுந்தது நான்காம் குற்றத்தால். கடிவாளத்தை இழுத்தது மூன்றாம் குற்றத்தால். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஓர் அரசர் என் இடக்கையைக் கண்டுவிட்டார்!

வலக்கையில் கனத்த ஈட்டி. அது குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே இடப்புறம் நீண்டிருக்கும். இடக்கையில் கடிவாளம். அக்கை அசைந்தால் குதிரையின் வாய் நோகும். வாய் நொந்தால் தலை உயரும். தலை உயர்ந்தால் நேர்கோடு கெடும். கோடு கெட்டால் ஈட்டி குறிதவறும். ஆகவே காலாலும் உடல் எடையாலும் குதிரையை நடத்தவேண்டும். தலைதெறிக்கும் பாய்ச்சலைவிட, 'கான்டர்' என்று சொல்லும் அடங்கிய ஓட்டமே இதற்கு ஏற்றது. இவ்வளவும் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. அவர்கள் காண்பது மின்னும் கவசத்தையும் சிதறும் மரத்தையுமே.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1962-இல் ஈட்டிப்போரைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது. அங்கே கவசமும் இல்லை, எதிரியும் இல்லை. வளைவுகளில் தொங்கும் சிறு வளையங்களை, ஓடும் குதிரை மீதிருந்து ஈட்டியில் கோத்தெடுப்பார்கள். கடைசிச் சுற்றில் வளையத்தின் அளவு கால் அங்குலம்! குரோவேஷியாவின் சின் நகரிலும் 1715-ஆம் ஆண்டு வெற்றியின் நினைவாக இதுபோன்ற வளைய ஆட்டம் நடைபெறுகிறது. கவசமே இல்லாத மேரிலாந்துக்காரர், பழைய வீரனின் உடை எதனையும் அணியவில்லை. ஆனால் அவனது இடக்கையை வைத்திருக்கிறார். கவசம் முழுவதும் சரியாக அமைந்து இடக்கை மட்டும் தவறினால், அங்கே மிஞ்சுவது உடை ஒன்றே.

பாதுகாப்பும் மரபே

ஆனால் மெய்ம்மையின் பெயரால் உயிரைப் பணயம் வைக்கலாமா? 1559 ஜூன் 30 அன்று பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி ஈட்டிப்போர் ஆடினார். எதிரியின் முறிந்த ஈட்டியின் சிம்பு கண்ணருகே பாய்ந்து, ஜூலை 10-இல் உயிர் துறந்தார். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பின்போது, இலேசான பால்சா மரத்தால் செய்த ஈட்டியின் சிம்பு தலைச்சீராவின் கண்துளை வழியே புகுந்து ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் இடையே 448 ஆண்டுகள். மரத்துக்கு இது வரலாறு, இது விளையாட்டு என்ற வேறுபாடு தெரியாது.

ஈட்டி முனையை மாற்றுவதும், கண்துளையைக் குறுக்குவதும், குதிரை மறுத்தால் ஓட்டத்தை நிறுத்துவதும் போலித்தனம் என்று சிலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. தடுப்பு அமைத்தவர் யார்? முனையை மழுக்கியவர் யார்? குதிரையின் மார்புக்கு மெத்தை கட்டியவர் யார்? குதிரையைத் தாக்கியவனுக்குப் பரிசில்லை என்று 1466-இல் விதித்தவர் யார்? எல்லாரும் அக்காலத்தவரே அன்றோ! ஆட்டத்தைக் காப்பதற்காக ஆட்டத்தைத் திருத்துவது அம்மரபின் உள்ளேயே இருக்கிறது. ஆகவே உடையின் ஒப்புமையை இரண்டாவதாகவும், குதிரையோடு கொள்ளும் உறவை முதலாவதாகவும் வைப்பதே வரலாற்றுக்கு நேர்மையாகும்.

இப்போது நான் ஈட்டியின்றியே பயிற்சி செய்கிறேன். கடிவாளத்தை ஒரு கையில் தளரப் பிடித்து, நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்புவது மட்டுமே என் பாடம். ஈட்டி எப்போது கிடைக்கும் என்று உஸ்தாத்திடம் நான் கேட்பதில்லை. குதிரையின் கடைவாய்ப் புண் ஆறிவிட்டது. எனினும் நான் அருகில் சென்றால் இன்னும் சிறிது தலையைத் திருப்பிக்கொள்கிறது. அது திருப்பாத நாளில் ஈட்டியை எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு காலைகளில் லாயத்துக்கு வர விரும்பும் மன்ற நண்பர்களை அன்புடன் வரவேற்கிறேன். வரும்போது கேரட் கொண்டுவாருங்கள்.