சிதறியதைச் செம்மை செய்தல்
(பழைய கட்டடக் கட்டைப் பெட்டிகள் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

விளையாட்டுப் பொருள் என்றவுடன் அஃது ஆய்வுக்கு உரியதன்று என ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. குழந்தை வளர்ந்ததும் அதன் விளையாட்டுப் பெட்டி பரணில் ஏறுகின்றது; சில ஆண்டுகளில் பாதி உடைந்தும் பாதி தொலைந்தும் குப்பையைச் சேர்கின்றது. ஆயினும் ஒரு காலத்தின் கல்விக் கொள்கை, தொழில்நுட்பம், வாணிக அறம் ஆகிய மூன்றும் அச்சிறு பெட்டிக்குள் அடங்கியிருத்தல் கூடும். ஐரோப்பிய நாடுகளில் தோன்றிய கட்டடக் கட்டைப் பெட்டிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றைத் தேடித் தொகுத்துச் செம்மை செய்வோரின் முறைகளையும், அம்முயற்சியில் எழும் அறச் சிக்கலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரோபல் இட்ட அடித்தளம்

ஜெர்மனி நாட்டுக் கல்வியாளர் பிரெடரிக் பிரோபல் 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் பெயர் பின்னர் அதனின்று உலகெங்கும் பரவிற்று. குழந்தைகளுக்கென அவர் அமைத்த விளையாட்டுக் கருவிகளுக்குக் 'கொடைகள்' என்பது பெயர். அவற்றுள் மூன்றாவது கொடை, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம் ஆகும்.

இதனைக் கையாளுதற்கு அவர் ஓர் ஒழுங்கு வகுத்தார். கட்டைகள் பெட்டியினின்று முழுமையாக வெளிவரல் வேண்டும். ஒன்றையும் விடாது எல்லாவற்றையும் பயன்படுத்திக் கட்டுதல் வேண்டும். இறுதியில் அவை மீண்டும் முழுமையாகப் பெட்டிக்குள் அடங்குதல் வேண்டும். பகுதியும் முழுமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் குழந்தை தன் கையாலேயே உணர வேண்டும் என்பது அவர் கருத்து. பழம் பெட்டிகளைத் தொகுப்போர் ஒரு கல் குறைந்தாலும் அதனைத் தேடி அலைவதற்கு இக்கருத்தே வேராகும்.

கல்லாலான கட்டைகள்

பிளாங்கன்பர்க்கிற்கு அருகில் உள்ள ருடால்ஸ்டாட் நகரில், மரத்திற்கு மாற்றாகக் கல் போன்ற கட்டைகள் பெருமளவில் உருவாயின. குவார்ட்ஸ் மணல், சுண்ணப்பொடி, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து அச்சிலிட்டு அழுத்திக் கல் செய்யும் முறையைக் கண்டவர்கள் ஓட்டோ லிலியென்தால், குஸ்தாவ் லிலியென்தால் என்னும் உடன்பிறந்தார் இருவர். இவருள் ஓட்டோ பொறியாளர். குஸ்தாவ் கட்டடக் கலைஞர். அவர்கள் அறிவாற்றல் மிக்கவர். விற்பனையில் வல்லவர் அல்லர். ஆகவே 1880ஆம் ஆண்டில் அம்முறையை பிரெடரிக் அடால்ப் ரிக்டர் என்னும் தொழிலதிபரிடம் விற்றுவிட்டனர்.

ரிக்டர் அக்கற்களுக்கு நங்கூரத்தைச் சின்னமாக்கி, 'ஆங்கர்' என்னும் பெயரில் உலகெங்கும் விற்றார். செங்கல்லின் சிவப்பு, சுண்ணக்கல்லின் வெளிர்மஞ்சள், பலகைக்கல்லின் நீலம் என மூன்றே வண்ணங்கள். வளைவு, தூண், கூம்பு எனக் கற்களின் வடிவங்களோ எண்ணிறந்தவை. இவற்றை ஒட்டுவதற்குப் பசை இல்லை. பூட்டுவதற்குக் குமிழும் இல்லை. கல்லின் எடையும் சமன்பாடுமே கட்டடத்தைத் தாங்கின.

பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளரும் முறையில் அமைந்திருந்தன. சான்றாக, 6ஆம் எண் பெட்டியை உடையவர் 6ஏ என்னும் துணைப்பெட்டியை வாங்கினால் அவர்தம் தொகுதி 8ஆம் எண் பெட்டிக்கு நிகராகும். 8ஏ சேர்ந்தால் 10 ஆகும். ஒவ்வொரு பெட்டியிலும் எந்தக் கல் எந்த அடுக்கில் எவ்விடத்தில் இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டும் அடுக்கு வரைபடம் இருந்தது. இவ்வரைபடமே இன்று செம்மை செய்வோர்க்குக் கைவிளக்காக உள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ருடால்ஸ்டாட் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சிக்குள் வந்தது. 1963ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. 1979இல் நெதர்லாந்தில் ஆங்கர் கற்களின் ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1995இல் ருடால்ஸ்டாட் நகரிலேயே உற்பத்தி மீண்டும் தொடங்கப்பெற்றது.

பிளாஸ்டிக் கட்டைகள்

ஆங்கர் கல்லுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது டென்மார்க்கின் லெகோ கட்டை. பில்லுண்ட் என்னும் சிற்றூரின் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் 1932ஆம் ஆண்டில் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனிஷ் மொழிச் சொற்களைச் சுருக்கி 1934இல் லெகோ என்னும் பெயரைச் சூட்டினார். 1949ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தன. தொடக்கத்தில் அவை உள்ளே வெறும் கூடாக இருந்தமையால் பிடிப்புக் குறைந்திருந்தது. கட்டையின் உட்புறத்தில் குழல்களை அமைத்து மேற்புறக் குமிழ்களை இறுகப் பற்றச் செய்யும் அமைப்பிற்கு, ஓலேயின் மைந்தர் கோட்பிரெட் 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவ்வாண்டின் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகின்றது.

தொகுப்போர் இவ்வரலாற்றைக் கட்டையிலேயே படித்துவிடுகின்றனர். உள்ளே குழல் இல்லையேல் அது பெரும்பாலும் முற்காலத்தது. பக்கவாட்டில் சிறு பிளவு இருப்பின் அது சன்னலும் கதவும் செருகுதற்கென அமைந்த தொடக்ககாலக் கட்டை. விளிம்பு வளைந்து முறுக்கிக் காணப்படின் அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனதாக இருக்கலாம். 1963ஆம் ஆண்டில் அதன் இடத்தை ஏ.பி.எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக் பெற்றது. எழுத்தமைதி கொண்டு சுவடியின் காலத்தைக் கணிக்கும் முறையோடு இஃது ஒப்புநோக்கத் தக்கது.

செம்மை செய்யும் நெறி

செம்மை செய்தலில் நான்கு படிகள் உள்ளன.

முதலாவது, இனங்காணல். ஒரு பெட்டி கைக்கு வந்தவுடன் அதனைக் கழுவுதல் கூடாது. உள்ளவற்றை உள்ளபடியே எண்ணிக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பெட்டியின் அடியில் கிடக்கும் கிழிந்த தாளும் ஒரு சான்றாகலாம்.

இரண்டாவது, தூய்மை செய்தல். ஆங்கர் கல்லை முதலில் மென்மையான தூரிகையால் உலர்நிலையிலேயே துடைத்தல் நன்று. அழுத்தித் தேய்த்தால் கல்லின் கூரிய முனைகள் மழுங்கும். முனை மழுங்கிய கற்கள் நேராக அடுக்கப்பெறா. லெகோ கட்டையை 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்பிட்டுக் கழுவலாம். கொதிநீரும் சூடான காற்றும் அதனை வளைத்துவிடும். செல்லுலோஸ் அசிடேட் கட்டைகள் தாமாகவே வளையும் இயல்பின. ஆதலின் அவற்றிற்கு இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வெள்ளைக் கட்டைகள் காலப்போக்கில் மஞ்சள் பூத்தல் இயல்பு. ஒளியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பிளாஸ்டிக்கின் ஒரு கூறான பியூட்டாடையீனைத் தாக்குதலே இதற்குக் காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் இட்டு வெயிலில் வைத்தால் மஞ்சள் நீங்கும். 2008ஆம் ஆண்டளவில் பழைய கணிப்பொறிகளின் ஆர்வலர்கள் இம்முறையைப் பரப்பினர். எனினும் நீங்கிய மஞ்சள் மீண்டும் தோன்றுதல் உண்டு. கட்டையின் மேல் அச்சிட்ட எழுத்துகள் மங்குதலும் உண்டு. கரைசல் தோலைச் சுடும் ஆதலின் கையுறையின்றித் தொடுதல் தகாது. மஞ்சளும் பெட்டியின் வரலாற்றில் ஒரு பகுதியே எனக் கருதி, அதனை அவ்வாறே விட்டுவிடுவாரும் உளர்.

மூன்றாவது, குறை நிரப்பல். தொலைந்த கல்லுக்கு ஈடாகப் பிறிதொரு சிதைந்த பெட்டியினின்று அதே காலத்துக் கல்லைப் பெறலாம். புதிய கல்லையும் இடலாம். 1995க்குப் பின் வந்த ஆங்கர் கற்கள் பழைய பெருவகைக் கற்களின் அளவிலேயே அமைந்தமையால் அவை பழம் பெட்டியில் எளிதாக அடங்கும். இன்றைய லெகோ கட்டையும் 1958ஆம் ஆண்டுப் பெட்டியில் பொருந்தும்.

நான்காவது, பதிவு செய்தல். எவை பழையவை, எவை பின்னர்ச் சேர்ந்தவை, எதனைக் கொண்டு கழுவப்பெற்றது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தல் வேண்டும். நான்கு படிகளுள் எளியது இதுவே. பெரிதும் கைவிடப்படுவதும் இதுவே.

இடைச்செருகலும் வாணிகமும்

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலேதான் அறச் சிக்கல் தோன்றுகின்றது. பொருத்தம் எத்துணைச் சிறப்பாக அமைகின்றதோ அத்துணை எளிதாக ஏமாற்றமும் நிகழும். புதிய கல்லைப் பழைய கல்லென்று காட்டலாம். மறுபடி அச்சிட்ட மேலட்டையை மூல அட்டை என்று விற்கலாம். திறந்த பெட்டியை மீண்டும் ஒட்டித் திறவாத பெட்டி எனலாம்.

இதற்குத் தூண்டுகோல் விலையாகும். 1987 முதல் 2015 வரை வெளிவந்த 2,322 லெகோ பெட்டிகளின் விலைப்போக்கை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கைம்மாறும் சந்தையில் அவற்றின் விலை ஆண்டுக்குச் சராசரி 11 விழுக்காடு அளவில் உயர்ந்ததாகக் கண்டது. குழந்தையின் கைப்பொருள் முதலீட்டுப் பொருளாக மாறும்போது, திறவாத பெட்டி திறந்த பெட்டியினும் உயர்வு பெறுகின்றது. குழந்தை ஒருநாளும் தொடாத விளையாட்டுப் பொருளே சிறந்தது என்னும் நிலை, பிரோபல் கருதிய நிலைக்கு நேர்மாறானது அன்றோ!

தமிழ் பயில்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஏட்டில் செல்லரித்துப் போன இடத்தைப் பதிப்பாசிரியர் தம் புலமையால் நிரப்பலாம். ஆனால் நிரப்பியதை அடையாளமிட்டுக் காட்டுதல் அவர்தம் கடன். அடையாளமின்றி நிரப்பின் அது திருத்தம் ஆகாது, இடைச்செருகல் ஆகும். பின்வரும் மாணவர் எது மூலம், எது சேர்ப்பு என்று அறிய வகையின்றித் தடுமாறுவர். கற்பெட்டிக்கும் இதே நெறி பொருந்தும். குறையுடன் நிற்கும் பெட்டி உண்மையைச் சொல்கின்றது. குறையை மறைத்த பெட்டி பொய்யைச் சொல்கின்றது.

மறைந்த பெயர்களின் மீட்சி

செம்மை செய்தல் பொருளோடு நின்றுவிடுவதில்லை; அது மறைந்த பெயர்களையும் மீட்கின்றது. ஆங்கர் பெட்டிகளின் மேல் ரிக்டரின் பெயரே விளங்கிற்று. ஓட்டோ லிலியென்தால் 1891 முதல் மிதவை வானூர்திகளில் பறந்து காட்டி, 1896ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பறக்கும்போது வீழ்ந்து உயிர் நீத்தார். வானூர்தி வரலாற்றில் நிலைத்த அவர் பெயர் விளையாட்டுக் கல்லின் வரலாற்றிலும் இடம்பெறுதல் வேண்டும் என்பதைத் தொகுப்பாளர்கள் நிலைநாட்டி வருகின்றனர்.

லெகோ வரலாற்றிலும் இத்தகைய பெயர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஹிலாரி பிஷர் பேஜ் என்பவர் தம் கிட்டிகிராப்ட் நிறுவனத்தின் வழியே, குமிழ்களால் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளை 1940களிலேயே வெளியிட்டார். 1949ஆம் ஆண்டின் லெகோ கட்டை அதனை முன்மாதிரியாகக் கொண்டு, அளவிலும் வடிவிலும் சிறு மாற்றங்களுடன் அமைந்தது. பேஜ் 1957இல் மறைந்தார். 1981ஆம் ஆண்டில் லெகோ நிறுவனம் கிட்டிகிராப்ட் கட்டைக்கான உரிமையை விலைக்குப் பெற்றது. தன் கட்டைக்கு அவருடைய கட்டை தூண்டுதலாயிற்று என்பதை அந்நிறுவனமும் தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளது. கிட்டிகிராப்ட் பெட்டி ஒன்றையும் தொடக்ககால லெகோ பெட்டி ஒன்றையும் அருகருகே வைப்போர்க்கு இவ்வுறவு வாய்ச்சொல்லின்றியே விளங்கும். இரண்டையும் மூலநிலை மாறாது காப்பவர் இருந்தால்தான் அச்சான்று நிலைக்கும். வண்ணம் பூசியும் கட்டை மாற்றியும் அவற்றைப் 'புதியதாக்கி' விட்டால் சான்று அழிந்துவிடும்.

நிறைவுரை

பழையதைப் புதியதாக்குதல் வேறு. பழையதைப் பழையதாகவே நிற்கச் செய்தல் வேறு. முன்னதற்குக் கைத்திறன் ஒன்றே போதும். பின்னதற்குக் கைத்திறனோடு வரலாற்று அறிவும் உண்மை உரைக்கும் துணிவும் வேண்டும். எண்ணுதல், மென்மையாகத் தூய்மை செய்தல், காலமறிந்து குறை நிரப்பல், நிரப்பியதை மறையாது எழுதுதல் என்னும் நான்கும் ஒருங்கே அமையின் சிதறிய கட்டைகள் மீண்டும் ஒரு நூலாகும். நான்காவது தவறின், ஏனைய மூன்றும் பொய்க்குத் துணைபோகும்.

மாணவர்கள் நாளை எந்தத் துறையில் புகினும், முன்னோர் விட்டுச் சென்ற ஏதேனும் ஒன்றைச் செம்மை செய்யும் பொறுப்பு அவர்கள் கைக்கு வருதல் உறுதி. அஃது ஏட்டுச் சுவடியாகலாம், குடும்ப ஆவணமாகலாம், பரணில் கிடக்கும் விளையாட்டுப் பெட்டியும் ஆகலாம். இது முன்னோர் வைத்தது, இது யான் சேர்த்தது எனப் பிரித்துக் காட்டும் ஒரு சிறு தாளை அதனுடன் வைத்துச் செல்வாராயின், அவருக்குப் பின் வருவோர் தடுமாற மாட்டார். அதுவே செம்மை செய்தலின் முழுமையாகும்.