எங்க ஊர் 'எசூர்வேதம்' சொல்லும் பாடம்

ஓம் சரவணபவ!

"சித்தர் சுவடியின் மொழிபெயர்ப்பு"ன்னு வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா? உழவர்கரைக்காரன் நான், எங்க புதுச்சேரிக் கதையையே சொல்றேன்.

1760-ல் வோல்டேருக்கு 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சுப் பிரதி கிடைத்தது. சமஸ்கிருத மூலத்தின் மொழிபெயர்ப்புன்னு நம்பி, பாரிஸ் அரச நூலகத்துக்குக் கொடுத்தார். 1778-ல் அச்சானது. 1782-ல் சொன்னரா என்ற பயணி, இது வேதமில்லை, பாதிரியார் எழுதியதுன்னு சொல்லிட்டார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ், புதுச்சேரி மிஷனரிகளிடம் இதன் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தார். அவர் கட்டுரை 1822-ல் வந்தது. எழுதியவர் யார் என்பது இன்னும் முடிவாகலை.

உள்ளே என்ன? வியாசரும் சுமந்துவும் பேசுறாங்க. சுமந்து உருவ வழிபாட்டைக் கண்டிக்கிறார். நம்ம ரிஷி வாயாலேயே நம்ம கும்பிடுதலைத் தப்புன்னு சொல்ல வைக்கிற வேலை!

மென்பொருள் வேலையில் கோடை யார் எழுதினதுன்னு ஹிஸ்டரியில் பார்ப்போம். சரியா ஓடுதான்னு தனியா டெஸ்ட் செய்வோம். இரண்டும் வேற கேள்வி. நூலுக்கும் அப்படித்தான்.

சீனப் பயணம் வரும் 'போகர் 7000' முழுக்கப் பழனி போகர் எழுதியதான்னு ஆய்வாளர்கள் கேட்கிறாங்க. கேட்கட்டும். தண்டாயுதபாணி முன்னாடி நிற்கும்போது வரும் கண்ணீருக்கு அந்தப் பதில் தேவையில்லை. ஆனா பகிரும் முன் மூலச்சுவடி எங்கே, பெயர்த்தவர் யார்னு கேளுங்க. பக்திக்கு அது குறைவில்லை, காவல்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!