வாசலில் ரப்பர் மரப் பலகை நிலைக்குமா?

மாணவர்களே, கடைகளில் சதுரமான மரத் தரைப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் 30 செ.மீ. இருக்கும். மேலே மரச் சட்டங்கள், அடியில் நெகிழித் தட்டு. தட்டின் ஓரக் கொக்கிகளை அழுத்தினால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆணியும் பசையும் வேண்டாம். இவற்றை ரப்பர் மரத்தில் செய்து, கெடா மழையில் நனையும் வாசலில் விரிக்கலாமா?

தோட்டங்களில் ரப்பர் மரத்தை ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். முன்பு அது பெரும்பாலும் விறகாகப் போனது. இன்று மேசை, நாற்காலியாக ஏற்றுமதியாகிறது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அது பூஞ்சைக்கும் துளைக்கும் வண்டுக்கும் நல்ல உணவு. ஆகவே அறுத்த பலகையைத் தாமதிக்காமல் இரும்பு உருளைக்குள் அடைத்து, அழுத்தத்தால் போரான் உப்புக் கரைசலை ஏற்றுகிறார்கள். பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள்.

வீட்டுக்குள் இந்தக் காவல் போதும். வெளியில் போதாது. காரணம், போரான் உப்பு நீரில் கரையக்கூடியது. மழை அதைச் சிறிது சிறிதாக வெளியேற்றிவிடும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும்.

நம் காட்டு மரமான செங்கால் அப்படியல்ல. அதன் வயிரப் பகுதியில் இயற்கையாகவே பூஞ்சையையும் கரையானையும் எதிர்க்கும் பொருள்கள் உள்ளன. ஆனால் அது மெதுவாக வளரும், விலையும் அதிகம்.

ரப்பர் மரத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஆக்சிஜன் குறைந்த சூளையில் சுமார் 180 முதல் 220 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், நீரை ஈர்க்கும் சில பொருள்கள் சிதைகின்றன. மரம் குறைவாக நீர் குடிக்கும். ஆனால் வலிமை சற்றுக் குறையும்.

எந்த மரமானாலும் நீர் தேங்கக் கூடாது. நெகிழித் தட்டு பலகையைத் தரையிலிருந்து உயர்த்தி, நீர் வடியவும் காற்றோடவும் வழிவிடுகிறது. எனவே அடியில் சேரும் இலைச்சருகை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

செய்து பாருங்கள்: சிறு மரத்துண்டு ஒன்றின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் அளவிடுங்கள். நார்களின் திசையில் மாற்றம் மிகக் குறைவாக இருக்கும். குறுக்கே கூடுதலாக இருக்கும். சட்டங்களுக்கிடையே இடைவெளி விடுவது ஏன் என்று இப்போது விளக்குங்கள்.