நயினார்: பெயரும் எண்ணும்

தமிழ்ச் சமணர் பூணும் ‘நயினார்’ என்னும் பட்டம், தலைவர் எனப் பொருள்படும் ‘நாயனார்’ என்பதன் மரூஉ ஆகும். சைவ அடியார் அறுபத்து மூவர்க்கும் அச்சொல்லே உரியதாயிற்று. பார்க்கவ குலத்தாருள்ளும் தமிழ் முஸ்லிம்களுள்ளும் நயினார் உளர். ஆதலின் பெயர்கொண்டு சமயம் துணிதல் கூடாது.

தொகை யாது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகச் சமணர் 89,265 பேர். வடபுலத்தினின்று வந்து குடியேறிய மார்வாடி, குஜராத்திச் சமணரும் இதனுள் அடங்குவர். சமயவாரியாகத் தொகுத்த அக்கணக்குப் பட்டப்பெயரைப் பிரித்துக் காட்டவில்லை. வாக்காளர் பட்டியலும் துணைபுரியாது. தந்தையின் முதலெழுத்தை முன்னிட்டுப் பட்டத்தை விடுத்தெழுதும் வழக்கம் பெருகிவிட்டது. 1936இல் நீலகேசியைப் பதிப்பித்த பேராசிரியர் சக்கரவர்த்தி நயினாரே பல நூல்களில் வெறும் ‘அ. சக்கரவர்த்தி’யாகத்தான் காணப்படுகிறார்! திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் முதியோரை வீடுதோறும் வினவி எழுதினாலன்றி இவ்வெண் கிட்டாது.